திரைக்குக் கதை தந்த கவிஞர் ழாக் ப்ரெவெர்

பிரெஞ்சுத் திரைப்படம் என்றவுடன் மெல்ல நகரும் சோகக் காதல் கதையொன்றையே பலரும் எண்ணிக்கொள்வர். அந்நாட்டுத் திரை சொன்ன கதைகளின் வகைகளை அறிய விழைவோர் ஒரே ஒரு கவிஞரின் வாழ்வைப் பின்தொடர்ந்தாலே போதும். அச்சகத் தொழிலாளரின் கூட்டுறவு, இலண்டன் மாநகரத்து நகைச்சுவை, படையை விட்டு ஓடிய வீரன், இடைக்காலத்துச் சாத்தானின் தூதர், பத்தொன்பதாம் நூற்றாண்டு நாடக மேடை, சிறுவர் பெரியவர் இருபாலார்க்குமான கருத்துப்படம், தொலைக்காட்சிப் படம் என இத்தனை களங்களிலும் எழுதியவர் ழாக் ப்ரெவெர். வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் வெளிவந்த 'சொற்கள்' தொகுப்பின் வாயிலாகத் தமிழ்க் கவிதை வாசகரும் அவரை அறிவர். எனினும் அவருடைய கவிதை நூல் அச்சேறுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே பிரெஞ்சு மக்கள் அவர் சொற்களைத் திரையரங்குகளில் கேட்டுப் பழகியிருந்தனர். அவர் எழுதித் திரைக்கு வந்த கதைகள் பல. எழுதியும் திரைக்கு வராமலே போன கதை ஒன்று உண்டு. அந்த ஒன்றை அறிந்தாலன்றி ஏனையவற்றின் உள்ளோட்டம் முழுமையாக விளங்காது.

ஏழையர் வீடுகள் கற்பித்த பாடம்

ப்ரெவெர் 1900 பிப்ரவரி 4 அன்று பாரிசை ஒட்டிய நெயி நகரில் பிறந்தார். தந்தை நாடகப் பித்தர்; நிலையான வேலை வாய்க்கப் பெறாதவர். குடும்பம் வறுமையுற்றபோது தந்தைக்குப் பாரிசு ஏழையர் உதவி நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. உதவி கேட்டு விண்ணப்பித்தவரின் வீடு தேடிச் சென்று, அவர் உதவி பெறத் தகுதியுடையவர்தாமா என்று கண்டு சொல்வதே அவ்வேலை. அவ்வாறு செல்லும்போது தந்தை மகனையும் உடன் அழைத்துச் செல்வதுண்டு. ஏழைமைக்கே தகுதிச் சான்று கேட்கும் உலகத்தைச் சிறுவன் அவ்வீடுகளின் வாசற்படியில் நின்று கண்டான். அறம் பேசும் பெரியோர், தண்டிக்கும் அதிகாரிகள், கைகட்டி நிற்கும் எளியோர் என்ற மூவகை மாந்தரும் பிற்காலத்தில் அவருடைய கதைகளில் இடையறாது வருவதற்குரிய வித்து அங்கே விழுந்தது எனலாம்.

பள்ளிப் படிப்பைப் பதினைந்தாம் வயதிலேயே அவர் விட்டுவிட்டார். பல்பொருள் அங்காடி முதலிய இடங்களில் சிறுசிறு வேலைகள் செய்தார். 1920இல் கட்டாயப் படைப்பணிக்குச் சென்ற இடத்தில், பின்னாளில் ஓவியராகப் புகழ்பெற்ற ஈவ் தாங்கியின் நட்பும், அடுத்து இசுதான்புல்லில் மார்செல் துயமேலின் நட்பும் வாய்த்தன. பாரிசு திரும்பியபின் மோன்பர்னாசுப் பகுதியில் துயமேல் எடுத்திருந்த வீட்டில் நண்பர் அனைவரும் கூடி வாழ்ந்தனர். மீமெய்யியல் இயக்கத்தார் வந்து கூடும் இடங்களுள் ஒன்றாக அவ்வீடு விளங்கியது. ஆயினும் அவ்வியக்கத்தின் தலைவரான ஆந்திரே பிரெத்தோனின் கண்டிப்பு ப்ரெவெருக்கு ஒத்துவரவில்லை. 1930இல் பிரெத்தோனை எள்ளி வெளிவந்த துண்டு வெளியீட்டில் அவரும் எழுதினார். தலைமை எவ்வடிவில் வந்தாலும் அதற்கு அடங்காத இயல்பு அவருடையது.

அக்டோபர் குழு

1932இல் தொழிலாளர் நாடகக் குழு ஒன்று தனக்கு எழுதித்தர ஆள் தேடியது. 'அக்டோபர் குழு' எனப் பெயர்பெற்ற அதற்கு ப்ரெவெர் 1936 வரை நாடகங்களும் கூட்டுக் குரற்பாக்களும் எழுதினார். வேலைநிறுத்தம் நடைபெறும் தொழிற்சாலைகளிலும் தொழிலாளர் கூட்டங்களிலும் அவை நடிக்கப்பெற்றன. செய்தித்தாளில் வந்த நிகழ்ச்சி சில நாள்களிலேயே மேடையேறிவிடும். 1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்ததையும் சித்ரோயன் ஆலை வேலைநிறுத்தத்தையும் அவர் அவ்வாறே உடனுக்குடன் எழுதினார். அதே ஆண்டு மாஸ்கோவில் நடைபெற்ற தொழிலாளர் நாடக விழாவிலும் குழு பங்கேற்றது. கேட்ட மாத்திரத்தில் பொருள் விளங்கும் எளிய தொடர், அடுக்கிவரும் பட்டியல், சொல்லின் இருபொருளைத் திருப்பிப்போடும் குறும்பு ஆகிய இவரது நடைக்கூறுகள் மேடையில் உரம் பெற்றவை. படித்தவர்க்கென எழுதாமல் கேட்பவர்க்கென எழுதியமையால் திரைக்கு அவர் வந்து சேர்ந்தது இயல்பான அடுத்த படியாயிற்று.

தம்பி பியேர் இயக்கிய முதல் படத்தை 1932இல் எழுதினார், அது வெற்றிபெறவில்லை. 1936இல் ழான் ரெனுவார் இயக்கிய 'திருவாளர் லான்ழின் குற்றம்' அவர் ஆற்றலை வெளிப்படுத்தியது. வஞ்சகனான அச்சக உரிமையாளன் தொடர்வண்டி விபத்தில் இறந்துவிட்டதாகக் கருதித் தொழிலாளர் கூட்டுறவாக இணைந்து அச்சகத்தை நடத்துகின்றனர். பாதிரியார் உடையில் உயிருடன் திரும்பிவரும் உரிமையாளனை எழுத்தாளனான லான்ழ் சுட்டுவிடுகிறான். எல்லைப்புற விடுதியில் அவன் கதையைக் கேட்கும் எளிய மக்களே தீர்ப்பாளராகி அவனை எல்லை கடக்க விடுகின்றனர். அக்டோபர் குழுவினர் பலரும் இப்படத்தில் நடித்தனர்.

வேட்டையாடப்பட்ட சிறுவர்

இதற்கிடையே நிகழ்ந்த ஒன்று ப்ரெவெரின் உள்ளத்தை விட்டு அகலவே இல்லை. பிரெத்தாஞ் மாநிலத்தின் கடலோரத் தீவாகிய பெல்-ஈலில் சிறுவர்க்கான சீர்திருத்தச் சிறை ஒன்று இருந்தது. திருடிய சிறுவருடன் வீடற்றுத் திரிந்த சிறுவரும் அங்கே அடைக்கப்பட்டிருந்தனர். 1934 ஆகஸ்டில் ஓர் இரவு உணவு வேளையில் ஒரு சிறுவன் முறைதவறி உண்டான் என்பதற்காகக் காவலர் அவனை அடித்தனர். சிறுவர் கலகம் செய்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மதில் கடந்து ஓடினர். சுற்றிலும் கடல். ஓடிய ஒவ்வொரு சிறுவனைப் பிடித்துக் கொடுப்போர்க்கும் 20 பிராங்கு பரிசு அறிவிக்கப்பட்டது. தீவினருடன் விடுமுறை கழிக்க வந்திருந்தவர்களும் வேட்டையில் இறங்கினர்.

இக்கொடுமையை ப்ரெவெர் கவிதையாக்கினார். அங்கேரியிலிருந்து பாரிசுக்கு வந்திருந்த இசையமைப்பாளர் ழோசெஃப் கோஸ்மா அதற்கு இசையமைத்தார். 1936இல் மரியான் ஒஸ்வால்ட் பாடினார். அதனோடு நில்லாமல், 'வழிதவறிய குழந்தைகளின் தீவு' என்ற தலைப்பில் அதனைத் திரைக்கதையாகவும் எழுதி, இளம் இயக்குநர் மார்செல் கார்னேயிடம் அளித்தார். தணிக்கை அதிகாரிகள் இசைவு தரவில்லை. மூன்று மணித்துளிப் பாட்டாக நாடெங்கும் ஒலிக்க முடிந்த ஒன்று, திரைப்படமாக வர இயலாமற் போயிற்று.

கார்னேயுடன் பத்தாண்டுகள்

தடுக்கப்பட்ட அக்கதை வேறு வேறு உருவில் வெளிவரத் தொடங்கியது. 1936 முதல் 1946 வரை ப்ரெவெரும் கார்னேயும் இணைந்து ஆக்கிய படங்கள் பிரெஞ்சுத் திரையின் பொற்காலத்தைச் சேர்ந்தவை. 1937இல் வந்த 'விந்தை நாடகம்' முழு நகைச்சுவை. தாவரவியல் அறிஞர் ஒருவர் புனைபெயரில் மறைவாகத் துப்பறியும் நாவல் எழுதுகிறார். ஒழுக்கம் பேசும் ஆயர் அவரைக் கொலைகாரர் என்று ஐயுறுகிறார். மறு ஆண்டு வந்த 'பனிமூட்டத் துறைமுகம்' அதற்கு நேர்மாறானது. படையை விட்டு ஓடிவந்த வீரன் லெ ஆவ்ர் துறைமுகத்தில் ஒரு பெண்ணைக் கண்டு காதலுற்று, கப்பலேறும் தறுவாயில் கொல்லப்படுகிறான். ஓடிவந்தவன் என்பதைக் குறிக்கும் சொல் படத்தில் எங்கும் ஒலிக்கக் கூடாது என்று படைத்துறையினர் கட்டளையிட்டனர். சொல்லை நீக்கினர், பொருள் நீங்கவில்லை.

1939இல் வந்த 'பொழுது விடிகிறது' ஒரு தொழிலாளியின் கதை. கொலை செய்துவிட்டு மாடியறையில் தன்னைத் தானே அடைத்துக்கொண்டு, காவலர் சூழ்ந்து நிற்க, அவன் ஓரிரவில் தன் வாழ்வை நினைவுகூர்கிறான். போர் மூண்டதும் மக்களின் மனவுறுதியைக் குலைக்கும் என்று அப்படம் தடை செய்யப்பட்டது. களமும் சுவையும் வேறானாலும் துரத்தப்படும் ஒருவரும் துரத்தும் அமைப்பும் இக்கதைகள் தோறும் உண்டு. நகைச்சுவைப் படத்திலும் ஊரார் ஒருவரைத் துரத்தவே செய்கின்றனர். பெல்-ஈல் தீவின் இரவு இவற்றின் அடியில் ஓடிக்கொண்டிருந்தது என்று கருத இடமுண்டு.

ஒளிந்திருந்தோரின் கலை

1940இல் பிரான்சு வீழ்ந்தபின் ப்ரெவெர் தெற்கே நீஸ் நகரை அடுத்த ஊர் ஒன்றில் தங்கினார். கோஸ்மாவும் அரங்கமைப்புக் கலைஞர் அலெக்ஸாந்தர் த்ரோனரும் அங்கேரி நாட்டு யூதர். வெளிப்படையாகத் தொழில் செய்வதற்கு உரிமை மறுக்கப்பட்டவர். அவ்விருவரும் மறைவில் இருந்தபடியே பணியாற்ற, பிறர் தம் பெயரைக் கொடுத்து உதவினர். 1942 இறுதியில் வெளிவந்த 'மாலை விருந்தினர்' பதினைந்தாம் நூற்றாண்டுக் கோட்டையொன்றில் நிகழ்கிறது. காதலரைப் பிரிக்க முடியாத சாத்தான் அவர்களைக் கல்லாக்குகிறான். கல்லுக்குள் இதயங்கள் துடித்துக்கொண்டே இருக்கின்றன. பகைவர் பிடியில் இருந்த நாட்டு மக்கள் இதில் தம் நிலையையே கண்டனர்.

1943 ஆகஸ்டில் நீஸ் நகரில் 'சொர்க்கத்தின் குழந்தைகள்' படப்பிடிப்பு தொடங்கியது. 'சொர்க்கம்' என்பது நாடக அரங்கின் உச்சிமாடத்தில் அமைந்த மலிவு இருக்கைகளைக் குறிக்கும் வழக்கு. ஊமைக்கூத்துக் கலைஞன் தெபுரோ, நடிகன் லெமேத்ர், கொலைகாரன் லாசெனேர் ஆகிய வரலாற்று மாந்தரையும் கராஞ்சு என்னும் கற்பனைப் பெண்ணையும் இணைத்து, மூன்று மணி நேரத்திற்கும் மேற்பட்ட காவியத்தை ப்ரெவெர் புனைந்தார். பேசாத கலைஞனுக்கும் பேச்சே கலையான நடிகனுக்கும் ஒருங்கே எழுதியது அவர் தம் திறனுக்குச் சான்று. நாடு விடுதலை பெற்றபின் 1945 மார்ச் 9 அன்று படம் வெளியிடப்பட்டது. த்ரோனர், கோஸ்மா ஆகியோர் மறைந்திருந்து பணியாற்றியமை படத்தின் பெயர்ப்பட்டியலிலேயே குறிக்கப்பட்டது.

புகழும் தோல்வியும்

இதழ்களில் சிதறிக்கிடந்த ப்ரெவெரின் கவிதைகளை அவர் தொகுக்க முனைந்ததில்லை. நண்பர்கள் கைப்படப் படியெடுத்து வைத்திருந்தனர். 1944இல் ரேன்சு நகர மாணவர் சிலர் உருட்டச்சில் ஒரு சிறு தொகுப்பே வெளியிட்டனர். 1946இல் 'சொற்கள்' முறையாக நூலாகியது. கவிதை நூலுக்கு என்றும் கிட்டாத விற்பனை அதற்குக் கிட்டியது. பள்ளிச் சிறுவரும் ஆலைத் தொழிலாளரும் அதனை வாங்கினர். தெருவிலும் திரையிலும் உலவிய மொழியாதலின் அதனை அவர்கள் அந்நியமாக உணரவில்லை.

அதே ஆண்டின் இறுதியில் வெளியான 'இரவின் கதவுகள்' படம் பெருஞ்செலவில் எடுக்கப்பட்டுப் பெருந்தோல்வி கண்டது. கோஸ்மாவின் மெட்டுக்கு அப்படத்திற்காக ப்ரெவெர் எழுதிய, உதிர்ந்த இலைகளைப் பற்றிய பாடல் மட்டும் உலகெங்கும் பரவியது.

1947இல் பழைய ஆசை மீண்டும் தளிர்த்தது. பெல்-ஈல் சிறுவரின் கதையைப் 'பருவத்தின் மலர்' என்ற பெயரில் அத்தீவிலேயே படமாக்கத் தொடங்கினர். வானிலையும் பணமுடையும் பூசலும் குறுக்கிட்டன. சில மாதங்களில் பணி நின்றது. எடுத்த படச்சுருள்களும் தொலைந்தன. பத்தாண்டுகளுக்கு முன் தணிக்கை தடுத்த கதையை இம்முறை தொழிற்சூழல் தடுத்தது. கார்னேயுடனான கூட்டும் அத்துடன் முறிந்தது.

கூண்டும் பறவையும்

1948 அக்டோபரில் பாரிசு வானொலி அலுவலகக் கட்டடத்தின் சன்னல் வழியே தவறி விழுந்து ப்ரெவெர் பல நாள் நினைவிழந்து கிடந்தார். பிழைத்தெழுந்தபின் பெரும்படங்களின் மீதிருந்த நாட்டம் குறைந்தது. 1956இல் விக்டர் யூகோவின் நாவலைத் தழுவிய 'பாரிசின் நோத்ர்-தாம்' போன்ற சிலவற்றோடு நின்றார். 1960களில் தம்பி பியேர் தொலைக்காட்சிக்காக எடுத்த படங்களில் பங்குகொண்டார். ஆண்டர்சனின் கதையைத் தழுவிய 'சின்ன கிளாசும் பெரிய கிளாசும்' 1964இல் ஒளிபரப்பாயிற்று. பெருந்திரையின் புகழை நுகர்ந்தவர் சிறுதிரையைச் சிறிதென்று எண்ணவில்லை.

அவர் நெஞ்சுக்கு அணுக்கமாக இருந்த பணி மற்றொன்று. போல் கிரிமோவுடன் ஆண்டர்சன் கதையைக் கொண்டு தொடங்கிய நெடுங்கருத்துப்படத்தைத் தயாரிப்பாளர் பிடுங்கி, 1953இல் ஆக்கியோர் இசைவின்றி வெளியிட்டார். கிரிமோ பின்னர் உரிமையை மீட்டார். இருவரும் கதையைப் புதிதாக வார்த்தனர். ஒரு கொடுங்கோல் அரசன். ஓவியத்திலிருந்து இறங்கி ஓடும் காதலர் இருவர். அவர்களைத் துரத்தும் காவலர். கதிரொளி காணாத கீழ்நகரத்து மக்கள். அரசனை அஞ்சாமல் எள்ளும் ஒரு பறவை. ப்ரெவெர் தம் இறுதி நாள்வரை இதற்காக உழைத்தார்.

1977 ஏப்ரல் 11 அன்று நார்மாந்தியில் ஒமோன்வில்-லா-பெத்தித் என்னும் சிற்றூரில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். த்ரோனரும் பின்னாளில் அவ்வூரின் இடுகாட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

'அரசனும் பறவையும்' 1980 மார்ச்சில் வெளிவந்தது. முதற்காட்சியன்று கிரிமோ தம் அருகிருந்த இருக்கையை நண்பருக்காக வெறுமையாக விட்டிருந்தார் என்பர். சப்பானிய இயக்குநர்களான தக்காகத்தாவுக்கும் மியாசாக்கிக்கும் வழிகாட்டிய படங்களுள் இதுவும் ஒன்று. இறுதிக் காட்சியில் அரண்மனை இடிபாடுகளின் மீது அமர்ந்திருக்கும் இயந்திரப் பூதம், கூண்டில் சிக்கிய பறவைக் குஞ்சைக் கண்டு கதவைத் திறந்துவிடுகிறது. பின் தன் இரும்புக் கையால் அக்கூண்டை நொறுக்குகிறது. பெல்-ஈல் தீவின் மதிலைத் தாண்டிய சிறுவரில் ஒருவரையும் ப்ரெவெரால் திரையில் காட்ட முடிந்ததில்லை. அவர்களை அடைத்த கூண்டு மட்டும், அவர் மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின், உலகோர் காண உடைந்தது.