துறைமுகம் தேர்ந்த பிளேர்

என் ஊர் அந்தமானிலுள்ள ஹேவ்லாக். 2018-இல் அரசு அதற்கு ஸ்வராஜ் துவீப் என்று பெயரிட்டது. அங்கிருந்து கப்பலேறிப் போர்ட் பிளேர் வரும்போதெல்லாம், அந்நகருக்குப் பெயர் தந்த ஆர்ச்சிபால்டு பிளேரை நினைப்பேன். ஒரு திட்டத்தை முன்னின்று நடத்துபவனுக்கு வேண்டிய பண்பை அவர் வாழ்விலேதான் கண்டேன்.

அந்தமானில் குடியேற்றம் அமைக்க எண்ணிய கிழக்கிந்தியக் கம்பெனி, 1788-இல் பம்பாய்க் கடற்படை லெப்டினன்ட் பிளேரை அனுப்பியது. அவர் அவசரப்படவில்லை. கரையோரமாகச் சென்று அளந்தார், படம் வரைந்தார். பின்னரே தென் அந்தமானில் ஒதுக்கமான துறைமுகத்தைத் தேர்ந்து, 1789-இல் சிறிய சாத்தம் தீவில் காடு திருத்தத் தொடங்கினார்.

மூன்றே ஆண்டுகள்! வடகிழக்கிலுள்ள துறைமுகமே போர்க்கப்பல்களுக்கு ஏற்றதென மேலிடம் கருதியது. 1792-இல் குடியேற்றம் அங்கே மாறியது. நோய் வாட்டியது, பலர் மாண்டனர். 1796-இல் அனைத்தும் கைவிடப்பட்டது.

பிளேர் 1815-இல் மறைந்தார். 1858-இல் கைதிகளோடு திரும்பிய ஆங்கிலேயர் நாடியது அவர் தேர்ந்த இடத்தையே. அவர் பெயரையே அதற்குச் சூட்டினர். 2024-இல் அது ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று.

சிறைக்கூடம் எழுப்பிய ஆட்சியை நான் போற்றவில்லை. அளந்து பார்த்து முடிவெடுத்தவனின் பொறுமையைப் போற்றுகிறேன். நாளை நம்மில் பலர் திட்டங்களை நடத்துவோம். ஆணையிடுமுன் களத்தைக் காண்போம். கண்டவன் சொல்லை மதிப்போம். தவறினால் இழப்பது பணம் மட்டுமன்று, உயிரும்தான்!