டால்டன் விட்டுச்சென்ற கண்கள்

பள்ளியில் வேதியியல் படித்த எவருக்கும் ஜான் டால்டன் என்ற பெயர் நினைவிருக்கும். பொருள்கள் யாவும் அணுக்களால் ஆனவை என்ற அவரது கொள்கையை மனப்பாடம் செய்து தேர்வெழுதியவர்கள் நாம். கண்ணுக்குத் தெரியாத அணுவைப் பற்றி உலகுக்கு எடுத்துரைத்த அந்த மனிதருக்கு, கண்ணெதிரே இருந்த சிவப்பு நிறம் சிவப்பாகத் தெரியவில்லை என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

இங்கிலாந்தின் வடமேற்கே, ஈகிள்ஸ்ஃபீல்ட் என்ற சிற்றூரில் 1766-ஆம் ஆண்டு ஏழை நெசவாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் டால்டன். குடும்பத்தினர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அரசு ஏற்ற திருச்சபையைச் சேராதவர்கள் ஆக்ஸ்ஃபோர்டிலோ கேம்பிரிட்ஜிலோ பட்டம் பெற முடியாத காலம் அது. எனவே, 12 வயதிலேயே ஆசிரியப் பணியில் இறங்கிய டால்டன், கற்பித்துக்கொண்டே கற்றார். 1787-இல் அவர் எழுதத் தொடங்கிய வானிலைக் குறிப்பேடு, வாழ்நாளின் இறுதிவரை, ஏறத்தாழ 57 ஆண்டுகள் தொடர்ந்தது.

அத்தனை நுட்பமாக உலகைக் கவனித்தவர், தம் பார்வை பிறர் பார்வையிலிருந்து வேறுபட்டது என்பதை உணர 26 வயதாயிற்று. 1792-இல் ஜெரேனியம் மலர் ஒன்றை மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்தார். பகலில் வானநீலமாகத் தெரிந்த அம்மலர், இப்போது நீலத்தின் சாயலே இல்லாமல் முற்றிலும் வேறு நிறமாகத் தெரிந்தது. வியப்படைந்து நண்பர்களை அழைத்துக் காட்டினார். அவர்களுக்கோ, இரண்டு வெளிச்சத்திலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அவரைப் போலவே கண்டவர் ஒருவர்தான். அவருடைய உடன்பிறந்த சகோதரர்.

வேறொருவராயிருந்தால், இதை ஒரு வேடிக்கையாகக் கருதி மறந்திருப்பார். அல்லது குறையென்று மறைத்திருப்பார். டால்டன் தம் பார்வையையே ஆய்வுப் பொருளாக்கினார். வானவில்லின் நிறங்களில் தமக்குத் தெரிபவை மஞ்சள், நீலம், ஊதா என்ற இரண்டு மூன்று மட்டுமே என்று கண்டார். குருதி தமக்குக் கரும்பச்சைப் புட்டியின் நிறத்தை ஒத்திருப்பதையும், முத்திரையிடும் சிவப்பு அரக்கும் பச்சை இலையும் ஒன்றுபோலத் தோன்றுவதையும் குறித்தார். 1794 அக்டோபர் 31 அன்று மான்செஸ்டர் இலக்கிய, தத்துவக் கழகத்தில் இவற்றையெல்லாம் கட்டுரையாகப் படித்தார். அணுக்கொள்கையை வெளியிடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் அறிவியல் அரங்கில் வைத்த ஆய்வு இது.

காரணத்தையும் அவரே ஊகித்தார். தம் விழிக்கோளத்துக்குள் இருக்கும் திரவம் நீலச் சாயம் கொண்டிருக்க வேண்டும். அது சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடுகிறது என்பது அவரது முடிவு. ஒளியலைகளைப் பற்றி ஆராய்ந்த தாமஸ் யங் 1807-இல் இதை மறுத்தார். குறை திரவத்தில் இல்லை. விழித்திரையில் சிவப்பை உணரும் இழைகள் இல்லாமையே காரணம் என்றார் அவர். டால்டன் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால், அதைச் சோதித்துப் பார்க்க வழி செய்தார். தாம் இறந்த பின் கண்களை எடுத்து ஆராயுமாறு சொல்லிவைத்தார்.

புகழ் தேடி வந்த காலத்தில், ஆக்ஸ்ஃபோர்டு அளித்த கௌரவப் பட்டத்துக்குரிய செந்நிற அங்கியை அணிந்து அரசர் முன் நின்றார் டால்டன். பகட்டான நிறங்களை விலக்கும் சமயத்தில் வளர்ந்த அவருக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. அவர் கண்ணுக்கு அது சிவப்பே அல்லவே!

1844 ஜூலை 27-இல் அவர் காலமானார். மருத்துவர் ஜோசப் ரான்சம் அவருடைய ஒரு கண்ணின் திரவத்தை வெளியே எடுத்துப் பார்த்தார். அது தெளிவாக இருந்தது. மற்றொரு கண்ணின் பின்புறத்தைச் சிறிது வெட்டி, அதன் வழியே சிவப்பையும் பச்சையையும் பார்த்தார், நிறங்கள் மாறவில்லை. டால்டனின் ஊகம் தவறு என்பது அவர் கண்களாலேயே உறுதியாயிற்று. அக்கண்கள் மான்செஸ்டரில் பாதுகாக்கப்பட்டன. அவற்றிலிருந்து எடுத்த டிஎன்ஏ-வை ஆராய்ந்து, 1995-இல் ஆய்வாளர்கள் விடையைக் கண்டனர். விழித்திரையின் மூவகைக் கூம்பு செல்களில், நடுத்தர அலைநீள ஒளியை, அதாவது பச்சைப் பகுதியை ஏற்கும் நிறமிக்குரிய மரபணு டால்டனிடம் இல்லை. குறை இருக்கும் இடத்தைச் சரியாகச் சொன்ன யங்கும், எந்த வகை என்பதில் தவறியிருந்தார்.

ஒரு வகைக் கூம்பு செல் மட்டும் இருந்தால் நிறத்தை அறிய முடியாது. மூன்றும் அனுப்பும் சமிக்ஞைகளை விழித்திரையும் மூளையும் ஒப்பிட்டே நிறத்தை உருவாக்குகின்றன. மெழுகுவத்தி ஒளியில் நீலம் குறைவு. பிறர் மூளை அதை ஓரளவு ஈடுசெய்து, மலரைக் கிட்டத்தட்ட அதே நிறமாகக் காட்டியது. சிவப்பையும் பச்சையையும் ஒப்பிட வழியில்லாத டால்டனுக்கோ, நீலம் மறைந்ததும் மலரே மாறிப்போனது. ஆக, நிறம் என்பது மலரில் மட்டும் இல்லை; காண்பவரின் மூளையிலும் இருக்கிறது.

ஒருவர் அடையும் பயன்பாட்டை இன்னொருவரின் பயன்பாட்டோடு அளந்து ஒப்பிட முடியாது என்று பொருளியல் வகுப்பில் நான் பல்லாண்டுகள் பாடம் நடத்தியதுண்டு. நிறத்துக்கும் இது பொருந்தும். வடஐரோப்பிய வழிவந்த ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்குச் சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் குறை உண்டு. உரிய மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெண்களிடம் இது அரிது. நம் நாட்டிலும் இக்குறையுள்ள சிறுவர்கள் உண்டு. இலைக்குத் தவறான வண்ணம் தீட்டியதற்காகத் திட்டு வாங்கும் சிறுவன், தான் செய்த பிழை என்னவென்றே அறியாமல் நிற்கிறான். ரயில் ஓட்டுநர் போன்ற பணிக்கான மருத்துவச் சோதனையில் தோற்ற பிறகே தன் குறையை அறிந்து உடைந்துபோகும் இளைஞர்களும் உண்டு. புள்ளிகளால் ஆன எண்களை வாசிக்கச் சொல்லும் எளிய சோதனையைப் பள்ளியிலேயே செய்துவிட்டால், இந்த அதிர்ச்சியைத் தவிர்க்கலாம்.

நிறக்குருட்டுக்கு பிரெஞ்சு மொழியில் இன்றும் டால்டனின் பெயரே வழங்குகிறது. அவர் விளக்கம் பிழையானது. ஆயினும், தம் கண் காட்டுவதைப் பிறரிடம் கேட்டுச் சரிபார்த்த பணிவும், தம் முடிவு தவறாகலாம் என்று அக்கண்களையே சோதனைக்கு விட்டுச்சென்ற நேர்மையும் பிழையற்றவை. தாம் கண்டதே உண்மை என்று அடித்துப் பேசுவோர் பெருகிவிட்ட இந்நாளில், நாம் கற்க வேண்டிய டால்டனின் பாடம் இதுவே.