அழைத்தலைக் காத்த அருட்தந்தை சாவரா

கேரளத்தின் குட்டநாட்டுப் பகுதியில், கைனகரி என்னும் சிற்றூரில், 1805-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் குரியாக்கோஸ் சாவரா பிறந்தார். ஊர் ஆசானிடம் எழுத்தும் மொழியும் பயின்ற அச்சிறுவனின் நாட்டம் முழுவதும் தேவாலயத்தின் பக்கமே இருந்தது. இறைப்பணிக்குத் தன்னை முழுமையாக அளித்துவிட வேண்டுமென ஒருவரின் உள்ளத்தில் எழும் உந்துதலைக் கத்தோலிக்கர் இறையழைத்தல் என்பர். அது அரும்பும்போதே கண்டுகொண்டு நீர் வார்க்க ஒருவர் வேண்டும். சாவராவுக்கு வாய்த்தவர் பாலக்கல் தோமா மல்பான்.

மல்பான் என்ற சுரியானிச் சொல்லுக்கு ஆசிரியர் என்பது பொருள். அந்நாளில் கேரளத்துச் சுரியானிக் கத்தோலிக்கரிடையே, குருவாக விரும்பும் இளைஞன் ஒரு மல்பானுடன் தங்கிச் சுரியானி மொழியையும் வழிபாட்டு முறைகளையும் கற்பான். நம் நாட்டுக் குருகுலத்தை ஒத்த முறைதான் அது. நூல்களைவிட ஆசிரியரின் வாழ்க்கையே அங்கு பெரிய பாடம். குறையும் அதிலேயே இருந்தது. மல்பான் எப்படியோ மாணவனும் அப்படியே.

1818-இல், தம் 13-ஆம் வயதில், சாவரா பள்ளிப்புறத்தில் பாலக்கல் மல்பானின் குருமடத்தில் சேர்ந்தார். அங்கிருந்தபோதுதான் பெருஞ்சோதனை வந்தது. கொள்ளைநோய்க்குத் தந்தை, தாய், உடன்பிறந்த ஒரே சகோதரர் ஆகிய மூவரும் பலியாயினர். குடும்பத்தின் ஆண்மக்களில் எஞ்சியவர் அவர் ஒருவரே. இல்லத்துக்கே திரும்பிவிடும்படி உறவினர் வற்புறுத்தினர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை; குலம் அற்றுப்போகுமே என்ற அச்சம் இயல்பானது. சாவராவும் கடமையைத் தட்டிக்கழித்து ஓடிவிடவில்லை. தம் சகோதரியையும் அவர் கணவரையும் வீட்டில் அமர்த்தி, பொறுப்புகளை ஒப்படைத்த பின்னரே குருமடம் திரும்பினார்.

1829 நவம்பர் 29-ஆம் நாள் அர்த்துங்கல் ஆலயத்தில் குருப்பட்டம் பெற்றார். அதன் பின்னரும் ஆசிரியரை விட்டு அகலாமல், அவர் இல்லாத வேளைகளில் பள்ளிப்புறத்து மாணவர்களுக்குத் தாமே பாடம் சொன்னார்.

பாலக்கல் மல்பானும் அவர் நண்பர் போரூக்கர தோமாவும் தனிமையில் தவம் புரிய விரும்பினர். நல்லோர் ஒதுங்கிவிட்டால் மக்களுக்கு வழிகாட்ட எவரும் இருக்கமாட்டார் என்று கருதிய ஆயர் ஸ்தபிலீனி, அதற்கு மாற்றாகத் துறவுமடம் ஒன்று நிறுவத் தூண்டினார். 1831 மே 11-இல் மன்னானம் குன்றின்மீது அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1833-இல் அங்கு குருமடமும் தோன்றியது. தனியொரு ஆசிரியரின் ஆயுளோடு முடிந்துபோகாத ஓர் ஏற்பாடு இவ்வாறு உருவாயிற்று.

அது வேரூன்றும் முன்பே மூத்தோர் இருவரும் மறைந்தனர். 1841-இல் மல்பான், 1846-இல் போரூக்கர. முழுச்சுமையும் சாவராவின் தோளில் இறங்கியது. அவர் தளரவில்லை. 1846-ஆம் ஆண்டிலேயே மன்னானத்தில் சமஸ்கிருதப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அச்சகமும் நிறுவினார். வாழைத்தண்டில் மாதிரி செய்து காட்டி, தச்சரைக் கொண்டு மரத்தால் அமைத்த அச்சுப்பொறி அது! கையால் படியெடுத்த ஏடுகளை நம்பியிருந்த சமூகத்திற்கு அச்சு நூல் கிடைத்தது.

1855 டிசம்பர் 8-ஆம் நாள் தோழர் பதின்மருடன் துறவற உறுதிமொழி ஏற்றார். 1861-இல் சுரியானிக் கத்தோலிக்கரின் முதன்மைக் குருவாக நியமிக்கப்பட்டபோதும் குருக்களை உருவாக்கும் பணியில் அவரது கவனம் குறையவில்லை. 1871 ஜனவரி 3-ஆம் நாள் கூனம்மாவில் உயிர்நீத்தார். 2014 நவம்பர் 23-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

அவர் எழுதிவைத்தவற்றுள் காவியங்கள் உண்டு, நாளாகமங்கள் உண்டு. அவற்றோடு தம் ஆசிரியர் பாலக்கல் மல்பானின் வாழ்க்கை வரலாறும் உண்டு.