ஃப்ரோஸன் எம்ப்ரியோ: 1978-லேயே செய்து காட்டிய கொல்கத்தா டாக்டர் சுபாஷ் முகர்ஜி யார்?

ஐவிஎஃப் சிகிச்சை எடுத்த நண்பர்களிடம் கேட்டுப் பாருங்க, 'ஃப்ரோஸன் டிரான்ஸ்ஃபர்' என்ற வார்த்தை கண்டிப்பா வரும். கருவை உறையவைத்து, கருப்பை தயாரானதும் உள்ளே வைக்கும் முறை இது. இன்றைக்குச் சாதாரணம். ஆனால் இதை முதலில் செய்தவர் என்று இன்று அறியப்படும் டாக்டர் சுபாஷ் முகர்ஜியை அன்று யாரும் நம்பவில்லை.

யார் இவர்?

1931-ல் ஹசாரிபாக்கில் பிறந்தவர். கொல்கத்தா, எடின்பரோ என இரண்டு பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி. வாங்கியவர். ஜாதவ்பூர் பல்கலைக்கழக உணவுத் தொழில்நுட்பப் பேராசிரியர் சுனித் முகர்ஜி, மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா ஆகியோருடன் சேர்ந்து வேலை செய்தார். மொத்தமே மூணு பேர்தான்.

என்ன செய்தார்?

1978 ஜூலை 25-ல் உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை இங்கிலாந்தில் பிறந்தது. அங்கே ஒரு மாதத்தில் இயல்பாக உருவாகும் ஒரே கருமுட்டையைத்தான் எடுத்தார்கள். முகர்ஜியோ ஹார்மோன் ஊசி போட்டுப் பல முட்டைகளை வளரவைத்தார். ஆனால் அந்த ஊசியால், அதே மாதத்தில் கருப்பை கருவை ஏற்பது கஷ்டமாகலாம். அதனால் கருக்களை 53 நாட்கள் உறையவைத்து, பிறகு ஒரு சுழற்சியில் உள்ளே வைத்தார். அக்டோபர் 3-ல், சரியாகப் பத்தே வாரத்தில், 'துர்கா' பிறந்தாள்.

பிறகு என்ன ஆச்சு?

மேற்கு வங்க அரசு விசாரணைக் குழு போட்டது. இந்தத் துறையில் அனுபவமுள்ள ஒருவர்கூட அதில் இல்லை. அவர் சொன்னதை நம்ப முடியாது என்று முடித்துவிட்டார்கள். 1979-ல் ஜப்பானில் ஆய்வை விளக்க அழைப்பு வந்தும் அனுமதி கிடைக்கவில்லை. 1981 ஜூனில் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார். ஜூன் 19-ல் உயிரை மாய்த்துக்கொண்டார்.

உண்மை எப்படி வெளியே வந்தது?

உறைந்த கருவிலிருந்து பிறந்த குழந்தையை ஆஸ்திரேலியா 1984-ல் உலகுக்கு அறிவித்தது. 1986-ல் மும்பையில் பிறந்த ஹர்ஷாதான் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தை எனப் பதிவானது. அந்தச் சாதனையின் விஞ்ஞானி டி.சி. ஆனந்த் குமார், பின்னர் முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்தார். 'முதல்' என்ற பெருமை தனக்கல்ல, முகர்ஜிக்கே என்று 1997-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார். அதைப் பார்க்க முகர்ஜி இல்லை. அவர் இறந்து 16 ஆண்டுகள் ஆகியிருந்தன.

(மன உளைச்சலில் இருந்தால், டெலி மானஸ் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.)