பூவா தலையா போட்டு லேப்புக்குள் வந்த 22 வயது மாணவர்: இன்சுலின் கண்டுபிடித்த சார்லஸ் பெஸ்ட்டுக்கு நோபல் ஏன் கிடைக்கவில்லை?

இன்றைக்கு நம்ம தெருவில் ஏதாவது ஒரு வீட்டு ஃப்ரிட்ஜிலாவது இன்சுலின் இருக்கலாம். அதைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், பள்ளிப் புத்தகத்தில் படித்த ஞாபகத்தில் பான்டிங் என்று சொல்லிவிடுவோம். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் பான்டிங் அண்ட் பெஸ்ட் என்பார்கள்.

அந்தப் பெஸ்ட் டாக்டர் இல்லை, பேராசிரியரும் இல்லை. இன்சுலின் ஆய்வு தொடங்கியபோது அவர் டிகிரி படிப்பை அப்போதுதான் முடித்திருந்த ஒரு மாணவர். வயது 22.

பேராசிரியர்களோடு சேர்ந்து ஆய்வு செய்யும் மாணவர் என்றால் டெஸ்ட் டியூப் கழுவிக் கொடுப்பவர்தானா? வேலை செய்ததற்கான பெயர் அவருக்குக் கிடைக்குமா? நூறு வருஷத்துக்கு முன்னால் நடந்த இந்தக் கதையில் இரண்டு கேள்விக்குமே பதில் இருக்கிறது.

யார் இந்த சார்லஸ் பெஸ்ட்?

சார்லஸ் ஹெர்பர்ட் பெஸ்ட் 1899 பிப்ரவரி 27-ம் தேதி அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தில் பிறந்தார். பெற்றோர் கனடா நாட்டவர்கள். அப்பா டாக்டர். முதல் உலகப் போர் சமயத்தில் ராணுவத்தில் சேர்ந்தார் பெஸ்ட். திரும்பி வந்து டொரன்டோ பல்கலைக்கழகத்தில் உடலியங்கியலும் உயிர்வேதியியலும் படித்தார்.

அவருடைய அத்தை ஒருவர் சர்க்கரை நோயால் இறந்திருந்தார். அந்தக் காலத்தில் இந்த நோய் ஒரு குழந்தைக்கு வந்தால் கிட்டத்தட்ட மரண தண்டனை மாதிரிதான். மருந்து கிடையாது. டாக்டர்கள் செய்ய முடிந்தது ஒன்றுதான்: சாப்பாட்டைக் கடுமையாகக் குறைப்பது. அதனால் குழந்தைகள் எலும்பும் தோலுமாகச் சில மாதங்கள் கூடுதலாக உயிரோடு இருந்தார்கள். அவ்வளவுதான்.

பான்டிங்கின் ஐடியா என்ன?

கணையத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்பது 1889-லேயே தெரிந்துவிட்டது. ஜெர்மனியில் ஒரு நாயின் கணையத்தை வெட்டி எடுத்தபோது, அதற்குச் சர்க்கரை நோய் வந்தது.

அதற்கும் முன்னால், 1869-ல் பால் லாங்கர்ஹான்ஸ் என்பவர் கணையத்துக்குள் தீவு தீவாகச் சில செல்கள் இருப்பதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எழுதியிருந்தார். அவை எதற்கு என்று அவருக்குத் தெரியாது. அப்போது அவரும் பெர்லினில் படித்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர்தான்.

அந்தத் தீவுகளில் இருந்துதான் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஏதோ ஒன்று வருகிறது என்று பலர் நினைத்தார்கள். அதைப் பிரித்து எடுக்க முயன்றவர்களும் இருந்தார்கள். சிக்கல் எங்கே வந்தது? கணையம் செரிமான நீரையும் சுரக்கிறது. அந்த நீர் நமக்கு வேண்டிய பொருளை அழித்துவிடும் என்று கருதப்பட்டது.

1920 அக்டோபர் கடைசியில், ஃப்ரெடரிக் பான்டிங் என்ற இளம் அறுவை சிகிச்சை நிபுணருக்கு ஒரு யோசனை வந்தது. செரிமான நீர் போகும் குழாயைக் கட்டிவிட்டால், அதைச் சுரக்கும் பகுதி சுருங்கிவிடும், தீவுகள் மட்டும் மிஞ்சும். அதிலிருந்து சாறு எடுத்தால் என்ன?

டொரன்டோ பேராசிரியர் ஜான் மெக்லியாட் முதலில் தயங்கினார். பான்டிங்குக்கு ஆய்வு அனுபவம் ரொம்பக் குறைவு. கடைசியில் ஒரு லேப், 10 நாய்கள், உதவிக்கு மாணவர் என்று ஏற்பாடு செய்து கொடுத்தார்.

பூவா தலையா

மெக்லியாடிடம் அப்போது இரண்டு மாணவ உதவியாளர்கள் இருந்தார்கள். ஒருவர் பெஸ்ட், இன்னொருவர் கிளார்க் நோபிள். கோடை விடுமுறையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வது என்று முடிவு. முதலில் யார் போவது என்று நாணயத்தைச் சுண்டிப் பார்த்தார்கள் என்று சொல்லப்படுகிறது. முதல் பாதி பெஸ்ட்டுக்கு வந்தது. பாதி முடிந்த பிறகும் பெஸ்ட்டே தொடர்ந்தார். நோபிளுக்கு அந்த வாய்ப்பு வரவே இல்லை.

1921 மே 17-ல் வேலை ஆரம்பித்தது. நாய்களுக்கு ஆபரேஷன் செய்வது பான்டிங்கின் பொறுப்பு. ரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரை எவ்வளவு என்று அளப்பது பெஸ்ட்டின் பொறுப்பு. கேட்க சின்ன வேலை மாதிரி இருக்கும். விரலில் குத்தி அஞ்சு செகண்டில் பார்க்கும் கருவி அப்போது கிடையாது. ஒவ்வொரு முறையும் ரத்தத்தை ரசாயனத்தோடு கலந்து, வரும் நிறத்தை ஒப்பிட்டுக் கணக்குப் போட வேண்டும். அந்த எண் தப்பானால் மொத்த ஆய்வும் தப்பு.

தப்பு வரவும் செய்தது. ஜூனில் ராணுவப் பயிற்சிக்குப் போய்த் திரும்பிய பெஸ்ட்டிடம், அளவுகள் சரியில்லை, கண்ணாடிக் குடுவைகள் சுத்தமாக இல்லை என்று பான்டிங் கடுமையாகக் கத்தினார். பெஸ்ட் கோபித்துக்கொண்டு போகவில்லை. ராத்திரியெல்லாம் லேபில் இருந்து எல்லாவற்றையும் கழுவி, கரைசல்களைப் புதிதாகத் தயாரித்து வைத்தார். அதற்குப் பிறகு இருவருக்கும் ஒத்துப்போனது.

அந்தக் கோடையில் மெக்லியாட் ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டார். வெயில் கொளுத்தியது, பல நாய்கள் செத்துப்போயின, இருவருக்கும் சம்பளமும் இல்லை. ஜூலை 30-ல் சர்க்கரை நோய் வந்த ஒரு நாய்க்குக் கணையச் சாற்றை ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை இறங்கியது. அதை அளந்து குறித்தவர் பெஸ்ட்.

14 வயதுப் பையன் பிழைத்தது எப்படி?

செப்டம்பரில் திரும்பி வந்த மெக்லியாட் உடனே கை தட்டிவிடவில்லை. இன்னும் சோதனைகள் வேண்டும் என்றார். பான்டிங்குக்கு அது கோபம். ஆனால் ஆய்வு முறைப்படி பேராசிரியர் கேட்டது நியாயம்தான். டிசம்பரில் ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியல் நிபுணரும் குழுவில் சேர்ந்தார்.

1922 ஜனவரி 11. டொரன்டோ பொது மருத்துவமனையில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையன் சாகும் நிலையில் கிடந்தான். எடை 30 கிலோகூட இல்லை. பான்டிங்கும் பெஸ்ட்டும் தயாரித்த சாறு அவனுக்குப் போடப்பட்டது. சர்க்கரை கொஞ்சம்தான் குறைந்தது. ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்தது. ஊசியை நிறுத்திவிட்டார்கள்.

காலிப் ராப்பகலாக வேலை பார்த்து, ஆல்கஹால் அளவை மாற்றி மாற்றிச் சாற்றைச் சுத்தப்படுத்தினார். ஜனவரி 23-ல் அந்த மருந்து போடப்பட்டது. 520 இருந்த சர்க்கரை 120-க்கு இறங்கியது. லியோனார்ட் அதற்குப் பிறகு 13 வருஷம் வாழ்ந்தான்.

நோபலில் பெஸ்ட் பெயர் ஏன் இல்லை?

1922 பிப்ரவரியில் வந்த முதல் ஆய்வுக் கட்டுரையில் இரண்டே பெயர்கள்: பான்டிங், பெஸ்ட். அந்த வேலையை நேரில் செய்யவில்லை என்பதால் மெக்லியாட் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மாணவர் செய்த ஆய்வில் துறைத் தலைவர் பெயர் முதலில் வருவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

ஆனால் 1923-ல் மருத்துவ நோபல் பான்டிங், மெக்லியாட் இருவருக்கும் மட்டும் அறிவிக்கப்பட்டது. நோபல் விதிப்படி, யாராவது பரிந்துரைத்தால்தான் ஒருவர் பெயர் பரிசீலனைக்கே போகும். அந்த வருஷம் பெஸ்ட்டை யாருமே பரிந்துரைக்கவில்லை.

பான்டிங் கொதித்துப்போனார். தன் பரிசுப் பணத்தில் பாதி பெஸ்ட்டுக்கு என்று வெளிப்படையாக அறிவித்தார். மெக்லியாட் தன் பங்கில் பாதியைக் காலிப்புக்குக் கொடுத்தார். பணம் நாலு பேருக்கும் போய்ச் சேர்ந்தது. பட்டம் மட்டும் இரண்டு பேரோடு நின்றுவிட்டது. காப்புரிமையை வைத்து யாரும் கோடீஸ்வரர் ஆகவில்லை. பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் ஆளுக்கு 1 டாலர் வாங்கிக்கொண்டு அதைப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அப்போ பெஸ்ட்டுக்கு அநியாயம் நடந்ததா?

முழுசா அப்படிச் சொல்லிவிட முடியாது. டொரன்டோ வரலாற்றுப் பேராசிரியர் மைக்கேல் பிளிஸ், ஆய்வுக் குறிப்புகளை எல்லாம் தோண்டி எடுத்து 1982-ல் ஒரு புத்தகம் எழுதினார். மனிதருக்குப் போடும் மருந்தாக அதை மாற்றியதில் காலிப்பின் பங்கும் மெக்லியாடின் வழிகாட்டலும் பெரியவை என்று அவர் காட்டினார். பிற்காலத்தில் பெஸ்ட் தன் பங்கைக் கூட்டிச் சொன்னார் என்பதும் அவர் கருத்து.

ஆனால் அந்தக் கோடையின் அளவுகளும், அதன் பிறகு செய்த வேலையும் பெஸ்ட்டுடையவை. 1922-ல் கன்னாட் ஆய்வகத்தில் இன்சுலினைப் பெரிய அளவில் தயாரிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஒரு பையனுக்குப் போட்ட மருந்து ஆயிரக்கணக்கானோருக்குப் போக வேண்டுமே!

மாணவர் பேராசிரியரானார்

பெஸ்ட் 1925-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1929-ல், மெக்லியாட் இருந்த உடலியங்கியல் பேராசிரியர் நாற்காலியில் அவரே உட்கார்ந்தார். வயது 30. நார்மன் டெய்லரோடு சேர்ந்து எழுதி 1937-ல் வெளியான உடலியங்கியல் பாடப்புத்தகத்தைத்தான் பல தலைமுறை மருத்துவ மாணவர்கள் 'பெஸ்ட் அண்ட் டெய்லர்' என்று சொல்லிப் படித்தார்கள்.

1930-களில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரினைச் சுத்தப்படுத்தி, நோயாளிகளுக்குக் கொடுக்கும் நிலைக்குக் கொண்டுவந்தது அவருடைய குழு. அந்த ஹெபாரின் கதையும் 1916-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் பேராசிரியரின் லேபில் செய்த சோதனையில்தான் தொடங்கியது.

பான்டிங் 1941-ல் விமான விபத்தில் இறந்தார். பெஸ்ட் 1978 மார்ச் 31 வரை வாழ்ந்தார். டொரன்டோவில் ஒரே கல்லறைத் தோட்டத்தில்தான் இருவரும் இருக்கிறார்கள்.

மாணவரை லேபுக்குள் விட்டால் அவர் தப்பு செய்வார், திட்டு வாங்குவார், திரும்பவும் செய்வார். அப்படி ஒருவர் குறித்து வைத்த எண்களில் இருந்துதான் இன்றைக்கும் பல கோடிப் பேர் போட்டுக்கொள்ளும் ஊசி வந்தது.