அகழாய்வறிஞர் வீலர்

யவனரின் மரக்கலங்கள் நம் நாட்டுத் துறைகளுக்கு வந்து சென்றதைச் சங்கப் பாடல்கள் கூறுகின்றன. ஆயினும், அவ்வாணிகம் நிகழ்ந்த காலத்தை வரையறுத்துக் கூறுதற்கு உரிய சான்று மண்ணிலிருந்து நெடுங்காலம் கிடைக்கவில்லை. அச்சான்றைத் தேடிக் கண்டவர்களுள் தலைசிறந்தவர் மார்ட்டிமர் வீலர். அவருக்குத் துணைநின்றவை பொன்னும் மணியும் அல்ல. உடைந்த மட்பாண்ட ஓடுகளே ஆகும்.

வீலர் 1890ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரில் பிறந்தார்; இலண்டனில் கல்வி பயின்றார். 1913ஆம் ஆண்டில் ராக்சிட்டர் என்னுமிடத்தில் நடந்த அகழ்வில் மாணவர் ஐவர் சேர்ந்து பணியாற்றினர். அடுத்த ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. ஐவருள் நால்வர் அப்போரில் மாண்டனர். பீரங்கிப் படையில் இருந்த வீலர் ஒருவரே உயிருடன் மீண்டார். ஒரு தலைமுறையே செய்திருக்க வேண்டிய பணி அவர் தோள்மீது விழுந்தது. அவர் தளரவில்லை.

புதையல் தேடுவாரைப் போல மண்ணைத் தோண்டுதல் கூடாது என்பது அவர் கொள்கை. நிலத்தில் மண் அடுக்கடுக்காகப் படிந்துள்ளது. கீழடுக்கு முந்திய காலத்தது. மேலடுக்கு பிந்திய காலத்தது. ஆதலின், நிலத்தைச் சதுரக் குழிகளாகப் பிரித்து, எப்பொருள் எவ்வடுக்கில் கிடைத்தது என்பதைத் தவறாது குறித்தல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1944இல் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத்துறையின் தலைவராக இங்கு வந்ததும், தட்சசீலத்தில் நம் இளைஞர்க்கு இம்முறையைக் கற்பித்தார்.

அவ்வாண்டிலேயே அவர் சென்னை அரும்பொருட்காட்சிச் சாலைக்குச் சென்றார். அங்கு அலமாரி ஒன்றில் இருந்த சாடித் துண்டு அவர் கண்ணிற் பட்டது. அது மத்தியதரைக் கடல் நாடுகளில் மது நிரப்பி அனுப்பும் இருபிடிச் சாடியின் துண்டு என்பதை அவர் உடனே உணர்ந்தார். அது புதுவைப் பக்கத்து அரிக்கமேட்டில் கிடைத்தது என அறிந்து, புதுவைக்கு விரைந்தார். அங்கு நூலகத்தில் வைத்திருந்த பொருள்களிடையே, இத்தாலி நாட்டு அரெஸ்ஸோ நகரில் வனைந்த செந்நிறக் கலத்தின் ஓடுகளைக் கண்டு பெருமகிழ்ச்சி கொண்டார்.

அரிக்கமேடு புதுவைக்குத் தெற்கே, பாகூர், சோரியாங்குப்பம் முதலிய ஊர்களுக்கு வடக்கே, ஆற்றங்கரையில் உள்ளது. அந்நாளில் அப்பகுதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சு அறிஞர் சிலர் அதன் சிறப்பை முன்னரே உணர்ந்து, அங்கே ஆய்வும் செய்திருந்தனர். 1945ஆம் ஆண்டில் வீலர் அங்கே அகழ்வு நடத்தினார். சுவர்களும், தொட்டிகளும், மணிகளும், தமிழ்ப் பெயர்கள் பொறித்த ஓடுகளும் வெளிப்பட்டன.

இவற்றின் காலத்தை அவர் எவ்வாறு அறிந்தார்? அரெஸ்ஸோக் கலத்தொழில் ஏறத்தாழக் கி. பி. முதல் நூற்றாண்டின் இடைப்பகுதியோடு நலிந்தது என்பது ஐரோப்பிய அகழ்வுகளால் முன்பே தெளிவாகியிருந்தது. ஆகவே, அவ்வோடுகளோடு ஒரே அடுக்கிற் கிடந்த நம் நாட்டுக் கலங்களும் அக்காலத்தை ஒட்டியனவே என்பது பெறப்பட்டது. அங்கே காலம் அறியப்பட்ட கலவகையைத் துணைக்கொண்டு, 1947இல் கன்னட நாட்டுப் பிரமகிரியில் பெருங்கற் சின்னங்களின் காலத்தையும் ஆராய்ந்தார். ஓர் ஓடு தென்னாட்டு வரலாற்றுக்கே அளவுகோலாயிற்று.

எனினும், வீலர் கூறிய அனைத்தும் முடிந்த முடிபு அல்ல. நடுவிலே புள்ளிவரிகள் வட்டமாகச் சூழ்ந்த மெல்லிய தட்டுகள் அரிக்கமேட்டில் மிகுதியாகக் கிடைத்தன. அவை முதலில் அயல்நாட்டிலிருந்து வந்தன என அவர் கருதினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி முதலியோர் அங்கே மீண்டும் அகழ்ந்தனர். அவ்வூர் வீலர் எண்ணியதினும் முற்பட்டது என்பது புலனாயிற்று. அத்தட்டுகளும் இந்தியக் குயவர் கைத்திறனே என்று பின்வந்த ஆய்வாளர் பலர் கொள்கின்றனர்.

அயலார் கலையைக் கண்டு தம் கலையை வளர்த்துக்கொள்வது உலகெங்கும் குயவர்க்கு இயல்பு. 9ஆம் நூற்றாண்டில் ஈராக்கு நாட்டுப் பாசுராக் குயவர் சீனரின் வெண்கலங்களைக் கண்டு வியந்தனர். அத்தகைய வெள்ளைக் களிமண் அவர்களிடம் இல்லை. அவர்கள் மனம் சோராது, மெருகுக் குழம்பில் வெள்ளீயம் கலந்து, களிமண் நிறத்தை மறைக்கும் வெண்மையைப் படைத்தனர். அக்கலை பின்னர் ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் பரவியது. பிற்காலச் சீன மெருகுக் கலங்களின் ஓடுகள் அரிக்கமேட்டிலும் கிடைத்துள்ளன. கொள்வதும் கொடுப்பதும் கலைக்கு இழுக்கல்ல, ஆக்கமே ஆகும்.

வீலர் 1948இல் பதவியினின்று நீங்கித் தாயகம் சென்றார். 1976ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள் மறைந்தார். அவருடைய முடிபுகளுட் சில திருத்தம் பெற்றன; அவற்றைத் திருத்த உதவியதோ, அவர் கற்பித்த முறையே. தன்னைத் திருத்தும் கருவியையும் தானே வழங்கிச் செல்பவன் அன்றோ நல்லாசிரியன்! நம் ஊர் மேடுகளிற் சிதறிக் கிடக்கும் ஓடுகளைக் காலால் எற்றிச் செல்லாமல், கருத்தூன்றிக் காணும் கண்ணை நாமும் பெறுவோமாக.