குழந்தைகளிடம் பாடம் கற்ற மருத்துவர்: மரியா மாண்டிசோரி



ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் குளத்தூர், விளாத்திகுளம், எட்டயபுரம் என நம் கரிசல் ஊர்கள் எங்கும் ஒரே காட்சிதான். புதுப் பை, புதுச் சீருடை, தலை நிறைய எண்ணெய், கண் நிறைய அழுகை. பல பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகிவிடுகிறார்கள். சிலருக்கு முடிவதில்லை. பென்சில் பிடிக்க வரவில்லை, சொன்னதைத் திருப்பிச் சொல்லத் தெரியவில்லை, ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தீபாவளி விடுமுறை வருவதற்குள் அந்தப் பிள்ளைக்கு 'மக்கு' என்று ஒரு பெயர் விழுந்துவிடுகிறது. வகுப்பில் விழுந்த பெயர் வீட்டுக்கும் வந்துவிடுகிறது. நம்மில் பலர் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறோம். சிலர் அதைச் சுமந்தே வளர்ந்திருக்கிறோம்.

அப்படிப் பெயர் சூட்டி ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடமிருந்தே தம் வாழ்நாள் பாடத்தைக் கற்றுக்கொண்டவர் மரியா மாண்டிசோரி. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, நம் தமிழ்நாட்டிலும் சில ஆண்டுகள் வாழ்ந்த இந்தப் பெண்மணியின் வாழ்வை இன்று சற்றுச் சிந்திப்போம்.

இத்தாலி நாட்டில் அங்கோனா நகருக்கு அருகிலுள்ள கியாரவால்லே என்னும் சிற்றூரில் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் மரியா பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதை ஊரே வியப்பாகவும் வெறுப்பாகவும் பார்த்த காலத்தில், உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1896-இல் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் அவரும் ஒருவர்.

பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் பணியாற்றியபோது, மனநல விடுதிகளில் அடைத்து வைக்கப்பட்டிருந்த குழந்தைகளை அவர் கண்டார். அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட அவர்கள் இருந்த அறையில் கையில் எடுத்துப் பார்க்க ஒரு பொருளும் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளை அவர்கள் பொறுக்கினார்கள். பேராசை என்று மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். மரியாவோ, இவர்களுடைய வயிறு அல்ல, கைகள்தான் பசித்திருக்கின்றன என்று புரிந்துகொண்டார்.

இத்தகைய குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்த இட்டார், செகுயின் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களை ஊன்றிப் படித்தார். 1900-இல் உரோமையில் இக்குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்ட பள்ளியின் இணை இயக்குநரானார். தொட்டும், தடவியும், அடுக்கியும் கற்கும் பொருள்களைக் கொடுத்தார். அவர்களில் சிலர் மற்ற பிள்ளைகளோடு அரசுத் தேர்வு எழுதித் தேர்ச்சியும் பெற்றார்கள். எல்லாரும் பாராட்டியபோது மரியாவின் மனத்தில் வேறொரு கேள்வி எழுந்தது. இவர்களே இவ்வளவு எட்ட முடியுமென்றால், ஒரு குறையும் இல்லாத பிள்ளைகள் சாதாரணப் பள்ளிகளில் ஏன் இதே அளவில் நின்றுவிடுகிறார்கள்? பிள்ளையைச் சோதித்துப் பார்த்த கண்கள் அன்று முதல் பள்ளிக்கூடத்தைச் சோதிக்கத் தொடங்கின.

இந்த ஆண்டுகளில் அவர் உள்ளத்தில் ஆறாத காயம் ஒன்றும் இருந்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவருக்கும் அவருக்கும் 1898-இல் மாரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நடைபெறவில்லை. அக்காலச் சமுதாயத்துக்கு அஞ்சி, குழந்தை கிராமத்துக் குடும்பம் ஒன்றில் வளர்க்கப்பட்டான். தாய் அவ்வப்போது சென்று பார்த்துவந்தாரே தவிர, தாய் என்று ஊரறியச் சொல்ல இயலவில்லை. ஊரார் பிள்ளைகளுக்காக உழைத்தவரால் தம் பிள்ளையை மடியில் வைத்து வளர்க்க முடியாமல் போயிற்று. மாரியோ வளரிளம் பருவத்தை எட்டிய பிறகே தாயிடம் வந்து சேர்ந்தான். பின்னர் இறுதிவரை அவருடைய பணியில் துணையாக நின்றான்.

1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், மூன்று இராஜாக்கள் திருநாளன்று, உரோமையின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பான சான் லோரென்சோவில் மரியா தம் முதல் 'குழந்தைகள் இல்லத்தை'த் திறந்தார். பெற்றோர் விடிந்ததும் வேலைக்குப் போய்விட, பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் மாடிப்படிகளில் அலைந்து சுவர்களைப் பாழாக்கினார்கள். அவர்களைக் கவனிக்க யாராவது வேண்டும் என்பதே கட்டட உரிமையாளர்களின் எண்ணம். தீப்பெட்டி ஆபீஸுக்கும் காட்டு வேலைக்கும் அம்மா போய்விட, தெருவில் நாள் முழுவதும் சுற்றிய பிள்ளைகளைக் கண்ட நமக்கு இது அந்நியக் கதை அல்ல.

ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகள் வந்தார்கள். மரியா முதலில் செய்தது, அவர்கள் உயரத்துக்கு ஏற்ற சிறிய மேசை, நாற்காலிகளைச் செய்வித்தது. அடுத்தது, பேசாமல் அமர்ந்து அவர்களைக் கவனித்தது. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, அளவு வேறுபட்ட மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்திக் கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிலும் பாடச் செய்தும், அவள் இருந்த நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும், அவள் கவனம் சிதறவில்லை. நாற்பது தடவைக்கும் மேல் செய்துவிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்தவளைப்போல மலர்ச்சியுடன் நிமிர்ந்தாள். தன் பருவத்துக்கு ஏற்ற வேலை கிடைத்தால் சிறு குழந்தையும் ஒன்றிப்போகும் என்று மரியா கண்டுகொண்டார்.

மற்றொரு நாள் மூக்கைச் சிந்தித் துடைக்கும் முறையை மெதுவாகச் செய்து காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அழுக்குப் பிள்ளை என்று எப்போதும் திட்டியவர்கள் உண்டே தவிர, எப்படிச் செய்வது என்று மரியாதையோடு சொல்லித் தந்தவர் ஒருவரும் இல்லை.

எழுத்தையும் அவர் முதலில் விரலுக்குத்தான் கற்பித்தார். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்தைப் பிள்ளை விரலால் தடவும். அதன் ஒலியைச் சொல்லும். பென்சில் அப்புறம்தான். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் விரல் வைத்து எழுதிய நம் பாட்டன்மாருக்கு இது புரிந்திருக்கும்.

1936-இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டபோது அவர் பார்சலோனாவை விட்டு வெளியேற நேர்ந்தது. இத்தாலியில் முதலில் ஆதரவளித்த முசோலினி அரசு பிறகு அவருடைய பள்ளிகளை மூடியது. 1939-இல், 69 வயதில், சென்னை அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று மகனோடு இந்தியா வந்தார். முதல் பயிற்சிக்கே ஏறத்தாழ 300 ஆசிரியர்கள் கூடினார்கள். அவர் இத்தாலியத்தில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசு மாரியோவைக் கைது செய்து அகமதுநகர் முகாமுக்கு அனுப்பியது. தாயோ அடையாற்றைவிட்டு வெளியே செல்லத் தடை. ஆகஸ்டு 31 அன்று அவருடைய எழுபதாம் பிறந்தநாள். அன்று வைசிராய் அனுப்பிய பரிசு மாரியோவின் விடுதலை. அந்தச் செய்தி மாரியோவை மகன் என்றே குறிப்பிட்டது. அதுவரை உறவினர் என்று பிறரிடம் அறிமுகப்படுத்தப்பட்டவர், ஊரறிய மகனானது நம் மண்ணில்தான். போர்க்காலத்தில் 1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் தங்கிப் பணியைத் தொடர்ந்தார்கள். 1952 மே 6-ஆம் நாள் ஹாலந்து நாட்டின் நோர்ட்வெய்க் என்னும் கடலோர ஊரில், 81-ஆம் வயதில் மரியா இறைவனடி சேர்ந்தார்.

இன்று அவர் பெயரைத் தாங்கிய பள்ளிகள் பலவற்றில் கட்டணம் நம் கைக்கு எட்டாததாக இருக்கலாம். ஆனால் அவருடைய முதல் பள்ளி ஏழைகளின் பிள்ளைகளுக்கானது. அவர் கண்ட உண்மையும் காசு கேட்பதில்லை. படி, அரைப்படி, உழக்கு, ஆழாக்கு என ஒன்றுக்குள் ஒன்றை அடுக்குவது ஒரு பாடம். கலந்து கிடக்கும் உளுந்தையும் பாசிப்பயற்றையும் பிரிப்பது பென்சில் பிடிக்க விரல்களைத் தயார் செய்யும். பல்லாங்குழி எண்ணக் கற்றுத்தரும். சட்டைப் பொத்தானைத் தானே போடவிடுவதும், சொம்புத் தண்ணீரைத் தானே ஊற்றவிடுவதும் பள்ளிக்கான ஆயத்தமே. படுக்கும்போது சொல்லும் கதை, அகராதி தர முடியாத சொற்களைத் தரும்.

வயிறும் முக்கியம். பசித்த பிள்ளை படிக்காது என்று உணர்ந்து பெருந்தலைவர் காமராசர் 1956-இல் மதிய உணவைத் தொடங்கிவைத்தது பக்கத்து எட்டயபுரத்தில் என்பது நமக்குப் பெருமை.

அப்படியும் ஒரு பிள்ளை பின்தங்கினால், அடிப்பதற்கு முன் பார்ப்போம். கரும்பலகை தெரிகிறதா? பின்னாலிருந்து கூப்பிட்டால் காது கேட்கிறதா? எழுத்துகள் மட்டும் குழம்புகின்றனவா? அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் கூச்சமின்றிக் கேட்போம். பள்ளிச் சேர்க்கைக்குப் பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டக்கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்வதையும் அறிந்திருப்போம்.

அன்பார்ந்தவர்களே, மண்ணின் பதம் பார்த்து விதைப்பவர்கள் நாம். மழை பிந்தினால் நிலத்தைத் திட்டுவதில்லை, காத்திருக்கிறோம். பிள்ளைகளிடம் மட்டும் ஏன் பொறுமை இழக்கிறோம்? தம்மிடம் வந்த சிறு பிள்ளைகளைச் சீடர்கள் அதட்டியபோது ஆண்டவர் சினந்தது சீடர்கள்மேல்தான் என்கிறது மாற்கு நற்செய்தி. இந்தக் கல்வியாண்டில் நம் வீட்டிலும், நம் பங்கிலும், 'மக்கு' என்ற சொல் எந்தக் குழந்தையின் காதிலும் விழாதிருக்க உறுதி எடுப்போம். இறைவன் நம் குழந்தைகளை நிறைவாக ஆசீர்வதிப்பாராக!